முறைத்தண்ணீர்

வியாழன் பின்னிரவு இரண்டு நாற்பதிலிருந்து
நான்கு மணி வரை
தண்ணீர் என்னுடையது.
நான் சொல்லவில்லை.
லார்ச் கட்டையில் கத்தியால் கீறிய
நான்கு கீறல்கள் சொல்கின்றன.
பக்கத்தில் கோழிக்கால் போல ஒரு குடும்பக் குறி;
புல்வெளியைக் குத்தகைக்கு எடுத்தபோது
கோழிக்காலும் சேர்ந்து வந்தது.

இன்று மடையில் தண்ணீர் இல்லை.
பலகையைத் தூக்கினேன்.
ஈரமண்ணில் ஒரு தவளை,
அதுவும் முறைக்குக் காத்திருந்தது.

நெற்றி விளக்கோடு வாய்க்கால் ஓரம் ஏறினேன்.
ஒற்றைக் காலுக்கு மட்டும் இடம் தரும் கரை.
இடப்பக்கம் பாறை.
வலப்பக்கம், வெகு ஆழத்தில்,
ரோன் ஆறு, ரயில் நிலைய விளக்குகள்,
பகலில் நான் முதியவர்களைக் குளிப்பாட்டும் இல்லம்.
விழுந்தால் வேலைக்கு
நேரத்தோடு போய்ச் சேரலாம்.

மூன்றாம் வளைவில் உடைப்பு.
கொழுத்த மர்மோட் ஒன்று
குளிர்காலத்துக்கு வீடு தோண்டி
வாய்க்கால் பக்கம் வாசல் வைத்திருக்கிறது.
புல்கட்டி வெட்டி அடைத்தேன்,
கரைத்துக்கொண்டு போனது.
தட்டைக்கல் வைத்து ஏறி மிதித்தேன்.
நேற்றுவரை பனிப்பாறையாய் இருந்த தண்ணீர்
சப்பாத்துக்குள் வந்து
என் விரல்களை எண்ணிப் பார்த்தது.
கடைசியில் மழைச்சட்டையைச் சுருட்டித் திணித்து
மேலே மண் போட்டேன்.

இறங்கி வந்தபோது மிச்சம் பதினொரு நிமிடம்.
தண்ணீர் எனக்கு முன்பே வந்து
பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது.
பதினொரு நிமிடத்தில்
ஆட்டுக்கொட்டிலிலிருந்து ஆப்ரிகாட் மரம் வரை நனையும்.
அவ்வளவுதான்.

நான்கு மணி.
அடுத்த முறைக்காரர் தியோடூல்
மண்வெட்டியோடு நின்றார்.
இன்னும் கால்மணி கேட்கலாம்.
கேட்டால் தந்துவிடுவார் என்றுதான் கேட்கவில்லை.
பலகையை இறக்கினேன்.
என் சப்பாத்தைப் பார்த்தார்.
"மர்மோட்டா?"
"மூன்றாம் வளைவு."
தலையசைத்துவிட்டுத்
தன் தண்ணீரோடு நடந்தார்.

விடிந்த பிறகுதான் கண்டேன்:
உடைப்புக்குக் கீழே
யாருக்கும் முறையில்லாத சரிவில்
ஒரு மணி நேரத் தண்ணீர்
தன்பாட்டில் இறங்கிப் போயிருக்கிறது.
காய்ந்து சுருண்ட பாசி விரிந்திருந்தது.
லார்ச் வேர்கள் கறுத்து மினுங்கின.
பெயர் தெரியாத ஒரு சின்னப் பறவை
அங்கே மட்டும் நின்று குளித்தது.

கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
நான்கு பக்கத்திலும்
அந்தச் சரிவுக்கு ஒரு கீறல் இல்லை.

கத்தி சமையலறையில் இருக்கிறது.
மஞ்சள் பேருந்து ஆறு இருபதுக்கு.