மூன்றாம் நம்பர் மிஷின்

பகாவில் இரவு ஒன்பது மணிக்கு
செம்பனை லோரிகள் ஓய்ந்த பிறகும்
சாலை முழுக்கப் பழத்தின் எண்ணெய் வாடை.
பஞ்சர் கடைக்கும் நாலுநம்பர் கடைக்கும் நடுவே
என் கடையில் மட்டும் வெளிச்சம்.

டோபி. காசு போட்டால் துவைக்கும்.
ஆறு மிஷின்கள்,
செரம்பானில் இழுத்து மூடிய கடையொன்றின் மிச்சம்.
கையுறை ஆலை கணக்கு முடித்துக் கொடுத்த பணமும்
என் இரண்டு வளையலும்
அவற்றின் வயிற்றில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.
சுற்றவில்லை.

முதல் வாரம் வந்தவர்கள்:
சில்லறை மாற்ற ஒருவர்,
மழைக்கு ஒதுங்கிய இரண்டு பள்ளிப்பிள்ளைகள்,
ஒரு பூனை.

ஓடாத மிஷின் இவ்வளவு பெரிதென்று
வாங்கும்போது தெரியவில்லை.
ஆறு வட்ட வாய்களும் திறந்தபடி கேட்டன,
"உனக்கு எதுக்கு இது?"
பூவரசி அண்ணியும் அதையேதான் கேட்டாள்.
ஆனால் அண்ணி கேட்டுவிட்டு
வீட்டுக்குப் போய்விட்டாள்.

எட்டாம் நாள் ஒரு வாளித் துணி கொண்டுவந்தேன்.
மடித்து அலமாரியில் இருந்த துணி.
மூன்றாம் நம்பர்தான் கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே.
அதில் போட்டேன்,
என் காசை நானே போட்டேன்.
தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும்,
யாரோ துவைக்கிறார்கள் என்று நினைக்கட்டும்.

தண்ணீர் ஏறியது.
தவசீலனின் நீலச் சட்டை, ஒரு மெத்தை விரிப்பு,
என் பழைய ஆலைச் சீருடை
எந்தக் குற்றமும் செய்யாமல் உருண்டன.

காலையில் பெட்டியைத் திறந்து
அதே காசை எடுத்து
நோட்டில் எழுதினேன்: வரவு, ஐந்து வெள்ளி.
அடித்தேன்.
செலவுப் பக்கத்தில் எழுதினேன்.
அதையும் அடித்தேன்.
பொய்யை எந்தப் பக்கம் எழுதுவதென்று
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இப்படி நாற்பது இரவு.
நீலச் சட்டை வெளுத்துக்கொண்டே வந்தது.
அதைப் போட்டுக்கொண்டுதான்
தோட்டத்து எடைமேடையில் நிற்பார்,
மட்டை மட்டையாகப் பழம் எடை போடுகிற மனுஷர்.
ஒருநாள் கைமுனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அன்று இரவு ஓர் அட்டையில்
"கடை விற்பனைக்கு" என்று எழுதினேன்.
எழுத்து நன்றாக வந்தது, அதுதான் எரிச்சல்.
ஒட்ட டேப் இல்லை.
டேப் வாங்க பஞ்சர் கடைக்குப் போனபோது
டியூப் ஒட்டக் காத்திருந்த வங்காளத்துப் பையன்
மொஃபிசுல், கட்டை மலாயில் கேட்டான்:
காக்கா, செம்பனைக் கறை உங்க மிஷினில் போகுமா?
கொங்சியில் எல்லாரும் கேக்கறாங்க,
அழுக்கென்று நீங்க திட்டுவீங்களோன்னு பயம்.

திட்டவா?
நாற்பது நாளாக நான்
சுத்தமான துணியையல்லவா துவைத்துக்கொண்டிருக்கிறேன்.

அட்டையைத் திருப்பினேன்.
பின்பக்கம் மலாயில்: சோப்பு இலவசம், கறைத் துணி வரலாம்.
கீழே அவன் மொழியில் அவனே எழுதித் தந்தான்.
எனக்கு அது படிக்கத் தெரியாது,
அவனை நம்பித்தான் ஒட்டினேன்.

மறுநாளே கூட்டம் என்று சொல்ல ஆசை.
மறுநாள் மூன்று பேர்.
அடுத்த நாள் யாருமில்லை.
அதற்கடுத்த நாள் நாலாம் நம்பர் அடைத்துக்கொண்டது,
குழாய்க்குள் கைவிட்டு
முள்ளும் மண்ணும் நாரும் அள்ளி எடுத்தேன்.
கையில் இரண்டு நாள் அந்த வாடை.
ஆலைக் கையுறை ஒன்றை எடுத்துவைத்திருக்கலாம்.

நவம்பர் மழை கொட்டிய சனிக்கிழமை
நான் வழக்கம்போல மூன்றில் என் துணியைப் போட்டிருந்தேன்.
லோம்போக்காரி ஒருத்தி நனைந்த மூட்டையோடு
ஐந்து மிஷினையும் எட்டிப் பார்த்துவிட்டு
என்னிடம் வந்தாள்:
"நம்பர் மூணு யாருது காக்கா? எப்போ முடியும்?"

சட்டென்று நிறுத்தினேன்.
தண்ணீர் சொட்டச் சொட்ட
சட்டையையும் விரிப்பையும் வாரி வாளியில் போட்டு
"முடிஞ்சது, போடும்மா" என்றேன்.

கடனுக்கு இன்னும் பத்தொன்பது மாதம்.
உனக்கு எதுக்கு இது என்ற குரல்
இப்போதும் வரும், கடை சாத்தும் நேரத்தில்.
ஆனால் அந்த நீலச் சட்டை
பின்கட்டுக் கொடியில் மூன்று நாள் கிடந்தது,
அந்த மழையில்.
காயவைக்க எனக்கு ஒரு மிஷினும் கிடைக்கவில்லை.