காற்று எந்தப் பக்கம்

பார்மர் பக்கத்து மணலில் பிறந்த கிடா.
நாலு நாள் லாரியில் நின்றபடியே வந்து
புளியந்தோப்பில் இறங்கிய ராத்திரியே
கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம், என்றார் கலீலுல்லா பாய்.
அதில் பாதி கொம்புக்கு.
காதைச் சுற்றி ஒரு முழுச் சுருள்,
அதன் மேல் இன்னொரு அரைச் சுருள்.
பக்ரீத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம்,
புறாப் பந்தயக்காரனுக்குக் காற்று தெரியும்.
மொட்டை மாடிகள் தெரியும்.
மூர் மார்க்கெட்டில் வாங்கிய பைனாகுலர் ஒன்றும் உண்டு,
இடது பக்கம் பூஞ்சை பிடித்தது.
வலது கண் போதும்.

முதல் நாள் தடம் என்று எதுவும் இல்லை.
அல்லது எல்லாமே தடம்.
ஓட்டேரி நல்லா ஓரத்தில்
ஆட்டுப் புழுக்கை கிடக்காத இடம் எது?

இரண்டாம் நாள் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.
இறந்தவர் முகம் இருந்தது,
வருந்தும் குடும்பத்தார் பெயர்களை மென்றாகிவிட்டது.
நம்மூர் ஆடுகள் இடுப்புயரத்தில் கிழிக்கும்.
இது என் நெஞ்சுயரம்.
பக்கத்துச் சுவரில் காரை உதிர்ந்து
பிறை போல ஒரு கீறல்.
காகிதத்தின் ஓரம் எச்சிலில் இன்னும் நனைந்திருந்தது.
ஓடலாம் அண்ணே, என்றான் தாவூது.
உட்கார், என்றேன்.

ஹவுசிங் போர்டு தண்ணீர்த் தொட்டிமேல் இரண்டு பகல்.
கத்திரி முடிந்ததாகக் காலண்டர் சொன்னது,
சிமெண்டுக்கு யாரும் சொல்லவில்லை.
தாவூதுக்கு எதைப் பார்த்தாலும் கொம்பு.
ஸ்கூட்டர் ஹேண்டில் கொம்பு,
வளைந்த குழாய் கொம்பு,
ஒரு அம்மாள் வடகத்துக்கு முட்டுக்கொடுத்த டயர்
அரை மணி நேரம் கொம்பு.
நான் நடுநடுவே வானத்தையும் பார்த்துக்கொண்டேன்.
விஜயவாடாவில் பறக்கவிட்ட என் சாம்பல் பெட்டை
போன மாசியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது.

ஐந்தாம் நாள் வியாசர்பாடி கால்வாய்க் கரையில்
கருவாட்டுக் கடை ரெஜினா சொன்னாள்:
"விடியக்காத்தால ஒண்ணு வருது எசேக்கி,
உப்பு மூட்டைய நக்கிட்டு
என்னய ஒரு பார்வ பாத்துட்டுப் போவுது.
நாந்தான் அதுக்குக் கடன் பட்டவ மாதிரி."

விடியலில் காற்று மேற்கிலிருந்து.
மூட்டைக்குக் கிழக்கே, தார்ப்பாய்க்குள் படுத்தேன்.
நாலரை. நாலே முக்கால்.
நெத்திலி வாசனையில் என் வாசனை எனக்கே இல்லை.
முதலில் நாக்கின் சத்தம்,
சாக்கைச் சுரண்டும் அரம் போல.
அப்புறம்தான் கிடா.

கொம்பில் வருஷ வளையங்கள்.
ஒன்று, இரண்டு,
நாலு வரை எண்ணியிருப்பேன்,
சட்டைப் பையில் போன் துடித்தது.
பாய்.

அது ஓடவில்லை.
நக்கி முடித்தது.
கரை ஏறி, தண்டவாளம் தாண்டி,
வாடகை பாக்கி இல்லாத ஆள் போல நடந்து
கொருக்குப்பேட்டை யார்டில்
ஜல்லிக் குவியல் உச்சியில் போய் நின்றது.
கீழே நான், கையில் சுருக்குக் கயிறு.
அந்தப் பக்கம் வலையோடு தாவூது.
அவன் வாய் திறந்திருந்தது.
ஐம்பது அடி.
அதற்குப் பின்னால் வானம் வெளுத்தபோது
இரண்டு சுருளும் தனித்தனியாகத் தெரிந்தன.
கயிற்றை வீசாமல் எவ்வளவு நேரம் நின்றேன்
என்று தாவூது இன்றுவரை சொல்லிக்காட்டுகிறான்.

கூட்ஸ் ஒன்று குலுங்கிக் கிளம்பியது.
மூடி இல்லாத வெற்று வேகன்கள்.
மூன்றாவதை விட்டது,
நாலாவதை விட்டது,
ஐந்தாவதில் குதித்தது.
இரும்பு டிரம் போல அதிர்ந்தது.
விளிம்புக்கு மேலே கொம்பு மட்டும்
எண்ணூர்ப் பக்கமோ கூடூர்ப் பக்கமோ போனது.
போன் பண்ணி நிறுத்தச் சொல்லலாம், என்றான் தாவூது.
யாருக்கு என்று அவனுக்கும் தெரியவில்லை.

மறுபடி பாய்.
"எந்தப் பக்கண்டா?"
விரலை நாக்கில் நனைத்துத் தூக்கிப் பிடித்தேன்.
உப்பு கரித்தது.
"மேற்கேருந்து, பாய்."
"காத்தக் கேக்கலடா!"