ஏழாம் எண்

பேராதனையில் எங்கள் ஆய்வுகூடத்துக்குள்
ஒரு மலை இருக்கிறது:
ஒட்டுப்பலகை, இருபத்திரண்டு பாகைச் சரிவு,
நான்கு மீற்றர் நீளம்.
அட்டை கிடையாது.
மழைக்கு ஒரு குழாய் பூட்டலாமா என்று தம்மிக கேட்டான்.
தரையில் ஓடும் கம்பிகளைக் காட்டினார்
விஜேகோன் மிஸ்.

யோகமலர் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்தாள்.
ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினேன்:
பேர் பதியப்படாது, எண் மட்டும்.
"பேர் இல்லையா?" என்றாள்.
"தலவாக்கலையிலேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்.
அரைப்பேராவது போடுங்க."
மிஸ் என் முகத்தைப் பார்த்தார்.
இந்தப் பேருக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று
நான் இன்னும் தேடிக்கொண்டிருந்தேன்.

கழுத்தின் இருபுறமும், தோளில், இடுப்பில்
மின்வாய்கள் ஒட்டினோம்.
பையில் பதினைந்து கிலோ மணல்.
நெற்றியில் கயிறு ஏறியதுமே சொன்னாள்:
"பதினாறு."
தம்மிக மறுபடி நிறுத்தான்.
பதினைந்து கிலோ தொள்ளாயிரம்.
பையையும் கயிற்றையும் நாங்கள் சேர்க்கவில்லை.
"அங்க தண்ணிக்கு ரெண்டு கிலோ வெட்டுவாங்க.
நீங்க கூட்ட மறந்துட்டீங்க. பரவால்ல."

ஏறினாள், இறங்கினாள், பன்னிரண்டு தடவை.
வலி எத்தனை? பூச்சியத்திலிருந்து பத்துக்குள்.
"எந்த நேரத்து வலி?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பிறகு ஐந்து நிமிட ஓய்வு.
திரையில் கோடுகள் ஒவ்வொன்றாய்ப் படுத்தன,
வலத்தோள் தவிர.
கம்பியை அசைத்தோம். மின்வாயை மாற்றினோம்.
"தளர்த்துங்க அக்கா."
"தளர்த்தித்தானே இருக்கேன்."
அந்தக் கோடு
அறைக்குள் இல்லாத கொழுந்துக்குக்
கை நீட்டிக்கொண்டேயிருந்தது.

பயணச் செலவு வவுச்சரில் பேருக்கு இடம் இருந்தது.
பெருமாள் யோகமலர், கீழ்ப்பிரிவு என்று
கோடு தாண்டி எழுதினாள்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. நாற்காலியில் உட்காரச் சொன்னேன்,
எல்லா உடம்புக்கும் பொருந்தும் என்று
விளம்பரத்தோடு வந்தது.
கடைசி மட்டத்திலும் அவள் கால்
தரையைத் தொடவில்லை.
பிடியை இழுத்தாள். ஏறிற்று.
இழுத்தாள். சர்ரென்று இறங்கிற்று.
இன்னொரு தரம்.
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
மின்வாய்களை நாங்கள் கழற்றவில்லை.

மாலையில் தரவைத் திறந்தேன்.
கடைசியில் ஆறு செக்கன்
எல்லாக் கோடும் கன்னாபின்னாவென்று எகிறியிருந்தன.
இரைச்சல், நீக்கவா? என்றது மென்பொருள்.
அதற்கு அடுத்த பதினொரு செக்கன்
வலத்தோளும் படுத்திருந்தது.