வால்விளக்கு

மாதத்தின் இரண்டாம் வெள்ளி
தீயணைப்புத் தொண்டர்களின் கொட்டகையில் கூடுவோம்.
சிவப்பு வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி
வெள்ளைச் சுவரை எங்களுக்கு விட்டுத்தருவார்கள்.
எங்காவது புல் பற்றிக்கொண்டால்
அன்றைக்குக் கூட்டம் கிடையாது.
இந்தச் சமவெளியில் கோடைமாதக் கூட்டங்கள்
பாதி அப்படித்தான் போகும்.

ஸ்லைடு புரொஜெக்டர் பால்டொமேரோவினுடையது.
அதன் விசிறி, மேடேறும் டீசல் எஞ்சின் மாதிரி இருமும்.
நெலிதா மாத்தே ஊற்றுவாள்.
ஒரே சுரைக்குடுக்கை, ஒரே உறிஞ்சுகுழல்,
பதினோரு வாய்.
பிறகு விளக்கை அணைப்போம்.

சுவரில் செங்கல் நிலையங்கள் வரும்.
யூகலிப்டஸ் வரிசை. ஒற்றைக் கைகாட்டி.
கோதுமை மூட்டைகளின்மேல் உறங்கும் நாய்.
"நாயை விடு,
பின்னால் நிற்கிற பெட்டியின் கடைசி எண் என்ன?"
என்பார் இரினியோ.
ஏழா ஒன்றா என்று தொடங்கியது,
அவரும் பால்டொமேரோவும்
ஒரு குளிர்காலம் முழுக்க முகம் பார்க்கவில்லை.
(ஒன்றுதான்.
வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
சொல்லவில்லை.)

அந்தக் கிளைப்பாதையை மூடியபின்
தண்டவாளத்தைக் கழற்றிப் போனார்கள் பண்ணைக்காரர்கள்.
இப்போது அவை மாட்டுப்பட்டி வேலிகளில்
செங்குத்தாக நிற்கின்றன,
வானத்துக்கு யாரையோ ஏற்றிவிடப் போவதுபோல.

போன வெள்ளி ஒரு பெண் வந்தாள். ஒதிலியா.
செருப்புக் கடையில் கணக்கு எழுதுகிறவள்.
ரயில்மேல் எனக்கொன்றும் ஆசையில்லை
என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.
கையில் ஒரே ஒரு படம்.

லகூனா மூதா நிலையம். ஊமை ஏரி என்று அர்த்தம்;
ஏரி வற்றி எத்தனையோ காலம்.
நடைமேடையில் அவள் அம்மா,
இடுப்பில் இவள்.
ஓரத்தில் ஒரு பெட்டியின் முதுகு.
"அப்பா வந்து இறங்கிய நாள் என்பாள் அம்மா.
அவர் படம் வேறெதுவும் இல்லை.
இதிலும் அவர் இல்லை.
என்ன வருஷம் என்று தெரிந்தால் போதும்."

குனிந்தோம், பதினோரு தலைகள்.
பெயர்ப்பலகையில் புதுப் பெயின்ட்.
நிழல் கிழக்கே நீண்டால் சாயங்காலம்.
ஜன்னல் சட்டம் மரம், இரும்பில்லை.
வருஷம் கிடைத்துவிட்டது. கை தட்டாத குறை.
அந்தச் சூட்டில்
இரினியோ வாய் விட்டார்:
"வால்விளக்கு தண்ணீர்த்தொட்டிப் பக்கம் தொங்குகிறது.
வண்டி தலைநகரைப் பார்த்து நிற்கிறது.
இது வருகிற வண்டி இல்லையே, போகிற..."

விசிறி இருமியது.

ஒதிலியா படத்தையே பார்த்தாள்.
அம்மாவின் வலதுகை பாதி உயர்ந்திருந்தது:
வெயிலை மறைக்கவா,
வேறெதற்கா.

பால்டொமேரோ தொண்டையைச் செருமினார்.
"லகூனா மூதா கடைசி நிலையம்.
பாதை அங்கே முடிந்துவிடும்.
வந்த வண்டியே திரும்பிப் போகும்.
ஆட்கள் இறங்கியதும் முதல் வேலை
விளக்கை மறுமுனைக்கு மாற்றுவது.
இறங்கியவர் படத்துக்கு வெளியே
பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பார்."

என் மடியில் அந்த வருஷத்துக் கால அட்டவணை.
லகூனா மூதாவைத் தாண்டி
இரண்டு ஊர்கள் அதில் உண்டு.
எனக்குத் தெரியும். அங்கே எல்லோருக்கும் தெரியும்.
ஒரு ஏழுக்காகக் குளிர்காலத்தையே
தூக்கியெறிந்த இரினியோவுக்கு
மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
நிறைய நேரம் துடைத்தார்.
"ஆமாம்," என்றார். "கடைசி நிலையம்தான்.
மறந்துபோச்சு."

அட்டவணையை மூடித்
தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

ஒதிலியா பென்சில் கேட்டாள்.
படத்தின் பின்னால் வருஷத்தை மட்டும் எழுதினாள்.
நெலிதா நீட்டிய குடுக்கையை வாங்கி
சத்தம் வரும்வரை உறிஞ்சினாள்.
எங்கள் பக்கத்தில்
குடுக்கையைத் திருப்பித் தரும்போது நன்றி சொன்னால்
போதும் என்று பொருள்.
அவள் ஒன்றும் சொல்லாமல் தந்தாள்.

நெலிதா மறுபடி நிரப்பினாள்.
சுவரில் அடுத்த படம் விழுந்தது, தலைகீழாக.