ஒயர் மாற்றும் நேரம்

மாலை நாலு பத்து. நாலாம் எண் படுக்கை.
இவர் தேவகுஞ்சரி, ஐம்பத்தெட்டு,
பட்டர்வொர்த்திலிருந்து காலை ஃபெர்ரியில் வந்தவர்.
பித்தப்பை எடுத்தாயிற்று.
ஈரலோடு ஒட்டிக் கிடந்தது, அதனால்தான் தாமதம்.
ரத்தம் நூறு மில்லி போயிருக்கும்
(ஒரு கோப்பை காப்பி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்,
காலையிலிருந்து நான் எதுவும் குடிக்கவில்லை).
பென்சிலின் ஆகாது.
மார்ஃபின் மூன்று ஐம்பதுக்கு.
வாந்தி வரலாம், மகன் பிறந்தபோது வந்ததாம்.
வடிகுழாய் இடப்பக்கம்.

நோர் அஸிலா போர்வையைத் தூக்கிப் பார்க்கிறாள்.
"வலது, டாக்டர்."
ஆமாம். வலது.
நான் காலடியில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

கூட வந்த சின்னத் திரையிலிருந்து ஒயரைக் கழற்றிச்
சுவரிலுள்ள பெரிய திரையில் மாட்டுவதற்குள்
ஏழெட்டு வினாடி.
அதில் இவர் யார் கணக்கிலும் இல்லை.
எண் இல்லை, பச்சைக்கோடு இல்லை,
இரண்டே முக்கால் மணி நேரம்
ஒன்றுவிடாமல் நான் எண்ணி வைத்த மூச்சு
எழுதுவாரில்லாமல் போய் வருகிறது.
தலைமாட்டுக்குப் போய்
மோவாயைத் தூக்கிப் பிடித்தபடி
முகமூடியின் பிளாஸ்டிக்கைப் பார்க்கிறேன்.
பனி படிகிறது.
கலைகிறது.

படிகிறது.

படிவத்தில் இடமில்லாத ஒன்று பாக்கி.
வெள்ளை மருந்து நரம்பில் ஏறும்போது
"டாக்டர், என் குடைய..." என்றார்.
அவ்வளவுதான்.
வாக்கியம் பாதியிலேயே படுத்துவிட்டது.
மீதியில்லாத அந்தப் பாதியை
ரசீது எழுதாத அடகுபோல
இத்தனை நேரம் வைத்திருந்தேன்.

"குடை அப்படின்னா?"
பாயோங்.
அஸிலா பேனாவைக் கடித்து யோசிக்கிறாள்.
'மற்றவை' என்ற கட்டத்தில், பாயோங்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன்.
இனி அவள் பொறுப்பு:
மூச்சு, வலப்பக்கக் குழாய், குடை.

ஜன்னலுக்கு வெளியே பினாங்கு
கடலெது வானமெது என்று தெரியாமல் நனைகிறது.
ஜெலுத்தோங் பையன் ஒருவன், முழங்கை முறிந்தவன்,
பசியோடு அடுத்த அறையில் எனக்காகக் காத்திருக்கிறான்.
நடக்கிறேன்.

பின்னால், சற்றுமுன் கற்ற சொல்லில்
அஸிலாவின் குரல்:
"ஆண்ட்டி... ஆண்ட்டி, குடை?"
ஏதோ முனகல். வறண்ட தொண்டை.
இரண்டாவது சொல் வருவதற்குள்
தானியங்கிக் கதவு மூடிக்கொண்டது.