பச்சை மருந்து

முப்பத்தொரு வருடம் வங்கி வாசலில்
இரவுக் காவல் நின்றவர் பியாருகாபா.
இப்போது கட்டிலில், ஒருக்களித்து.
புற்று இடுப்பெலும்புக்குள் இறங்கிவிட்டது.

ம்பராராவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறேன்.
போன வாரம் குடிநீர் பாட்டிலில்
நான் ஊற்றித் தந்த பச்சைநிற மார்பின்
போட்ட கோட்டைவிட்டு
ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

"குடிக்க மாட்டேன் என்கிறார்,"
கதவைப் பார்த்தபடி கெமிரெம்பே.
"கடித்துக் கடித்து
ஒரு பல் உடைந்தே போய்விட்டது."

அவர் சொன்னார்:
"உங்கள் பயிற்சி டாக்டர் பையன்தான் சொன்னான்.
உடம்புக்குள் காவலர்கள் உண்டாம்,
புற்றைக் கண்ட இடத்தில் கொல்பவர்கள்.
இந்த மருந்து அவர்களைத் தூங்க வைக்குமாம்.
தூங்குகிற காவல்காரனை எனக்குத் தெரியும், சிஸ்டர்.
இரண்டு பேரை நானே வேலையைவிட்டுத் துரத்தியிருக்கிறேன்."

பொய் என்று சொல்ல வாய் வரவில்லை.
கண்ணாடித் தட்டில் உண்மை. எலியில் உண்மை.
மனிதரிடம் வந்தால்
ஓர் ஆய்வு ஆம் என்கிறது, ஒன்று இல்லை என்கிறது,
மூன்றாவது, இன்னும் ஆட்கள் வேண்டும் என்கிறது.
அதை அப்படியே சொன்னேன்.
பிறகு, வயிற்றைக் கீறித் தைத்துவிட்டு
வலிமருந்து தராமல் விட்ட எலிகளைப் பற்றியும்:
அவற்றுக்கும் காவல் தளர்ந்தது,
கட்டி இன்னும் வேகமாய்ப் பரவியது.

நெடுநேரம் கூரைத் தகரத்தைப் பார்த்தார்.
வெளியே அகலக்கொம்பு மாடொன்று
கம்பத்தில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை பல்வலி," என்றார்.
"விடிய விடிய கண் மூடவில்லை. ஒரு நொடிகூட.
துப்பாக்கி கையில்.
காலையில் போய்ப் பார்த்தால்
பின்கதவுப் பூட்டைக் காணோம்.
கண் திறந்துதான் இருந்தது, சிஸ்டர்.
பார்வைதான் தாடைக்குள் இருந்தது."

சிரிக்கப் பார்த்தார். இடுப்பு விடவில்லை.

ஐந்து மில்லி. கசப்பு.
கெமிரெம்பே சர்க்கரை தேடி எழுவதற்குள்
மூடியையும் நக்கிவிட்டார்.

நாற்பது நிமிடம் கழித்து
மல்லாந்து படுத்தார், பல நாளுக்குப் பிறகு.
உள்ளே யார் விழித்திருக்கிறார்கள், யார் தூங்குகிறார்கள்,
எனக்குத் தெரியாது.
என் நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
வலி: பத்துக்கு மூன்று, என்று எழுதினேன்.

புறப்படும்போது, கண்ணைத் திறக்காமலே,
"கேட்டைச் சாத்திவிட்டுப் போங்கள்," என்றார்.
"கொக்கி மேலே இருக்கும்."