காண்க: காது

பிராத்திஸ்லாவா. எழுபத்தெட்டு, பிப்ரவரி.
ரேடியேட்டர் மேல் என் கையுறை காய்கிறது.
மேசையில் கலைக்களஞ்சியத்தின் நாலாம் தொகுதி,
மெய்ப்பு, பக்கம் இருநூற்றுப் பதினேழு.

அகரவரிசைக்கு ஆள் பார்க்கத் தெரியாது.
சீழ் வடியும் செவியையும் பட்டுடுத்த ஆயரையும்
ஒரே பந்தியில் உட்கார்த்தும்.
மருத்துவர் வாயில் காது என்றால் ஓட்டோ.
ஓட்டோலித், ஓட்டோபத்தி, ஓட்டோஸ்கோப்.
இரண்டு விரற்கடை தள்ளி
தடித்த எழுத்தில் மறுபடி ஓட்டோ: ஆண்பாற் பெயர்.
இப்பெயர் தாங்கிய பெரியோர் கீழே.

வாக் நதியில் பாலம் கட்டிய ஓட்டோ.
ஒரு பாசிக்குத் தன் பெயரை விட்டுப்போன ஓட்டோ.
தோற்ற ஆட்டம் ஒன்றுக்காகவே நினைக்கப்படும் சதுரங்க ஓட்டோ.
ஆயர் ஓட்டோ, பிறந்த நாள் தெரியாது,
இறந்தது காய்ச்சலில்.
ஓவியர் ஓட்டோ. இவருக்குத்தான் அதிக இடம், ஆறு வரி.

புதனன்று மேலிருந்து தொலைபேசி.
வியன்னா போன ஓவியர் திரும்பவில்லையாம்.
தலைமை ஆசிரியை விளாஸ்தா குர்ச்சோவா
என் மேசையருகே வந்து நின்றார்.
"பக்கம் கட்டியாகிவிட்டது, படம் நகராது.
வெள்ளிக்குள் ஆறு வரி நிரப்பு."
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்காததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கும் ஒரு ஓட்டோ உண்டு.
செர்னி பலோக்கில் மரம் அறுக்கிறான்,
பதினாறு வயதிலிருந்து, பட்டை ரம்பத்தின் வலப்புறம் நின்று.
முப்பத்தெட்டில் இடக்காது போயிற்று.
நாற்பதில் மற்றது.
ஆலை வைத்தியர் தந்த சீட்டில் நீளமாய் ஒரு லத்தீன்.
அதை மடித்துத் தொப்பிக்குள் வைத்திருக்கிறான்,
கூப்பிட்டும் திரும்பவில்லை என்று
சண்டைக்கு வருகிறவனிடம் நீட்ட.
அவன் பெயரில் பாலம் இல்லை. பாசிக்கும் அவனைத் தெரியாது.

வியாழன் இரவு, அலுவலகத்தில் நானும் துடைப்பக்காரியும்.
முதலில் ஓட்டோலித்: காதுக்குள் இருக்கும் கல்.
நாம் சாய்ந்தால் நம்மிடமே கோள் சொல்வது.
மீனின் செவிக்கல்லை அறுத்தால்
அடிமரத்தில் போல ஆண்டு வளையம் தெரியும்.
அதற்கு இரண்டு வரி போயிற்று.
மிச்சத்தை ஓட்டோபத்திக்குக் கொடுத்தேன்.
*மர அறுவை ஆலைகளில், ரம்பத்தருகே
பல்லாண்டு நிற்போரிடம் காணப்படும்.
பொதுவாக இடக்காதில் தொடங்கும்.
முதலில் மறைவது பறவைகளின் ஒலி.*

"இடக்காதிலா?" என்றார் விளாஸ்தா. "ஆதாரம்?"
"ஒரு நோயாளி."
அவர் என்னை நெடுநேரம் பார்த்தார்.
"பொதுவாக" என்பதை அடித்து
"சில வேளை" என்று எழுதினார்.
பறவையை விட்டுவைத்தார்.

அக்டோபரில் தொகுதியைச் சுமந்துகொண்டு
காட்டு ரயிலில் போனேன்.
மதுக்கடையில், பீர் வட்டங்களுக்கு நடுவே
அவன் மரத்தூள் விரலால் பக்கம் புரட்டினான்.
நான் காட்டிய இடத்தைப் படித்தான்.
மெல்ல இடக்காதைத் தொட்டுப் பார்த்தான்,
இன்னும் இருக்கிறதா என்பதுபோல்.
பிறகு தன் பெயருக்குப் போனான்.
விரல் விட்டு எண்ணினான்.

"நாலுதானா?" என்றான்.
தன் குரலின் அளவு அவனுக்குத் தெரியாது.
கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
ஜன்னலோரம் ஒருவர் செய்தித்தாளை மடித்தார்.

நான் உதட்டை மட்டும் அசைத்தேன்,
மூச்சுகூட விடாமல்.
ஐந்தாமவரின் முழுப்பெயர். ஊர். வியன்னா.
அத்தனை காதுள்ளவர்கள் நடுவே
அவன் ஒருவனுக்குத்தான் கேட்டது.

அதைத் திருப்பி உரக்கச் சொல்லிவிடுவானோ என்று
வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
தொப்பியைக் கழற்றினான்,
சீட்டைச் சரிபார்த்து மறுபடி போட்டுக்கொண்டான்.
இரண்டு பீர் சொன்னான்.